நகராத நீர்

சென்ற வாரம் எங்கள் வீட்டு ஆம்பாசிடரின் படமொன்றை இங்கே இட்டிருந்தேன். பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் மூவர் அதைக் கண்டு தனிச்செய்தியில் ஒரே வினாவை அனுப்பியிருந்தனர். பழைய 1489 சி.சி. எஞ்சினுக்கு இப்போது எந்த வாட்டர் பம்ப் வாங்கலாம் என்பதே அது. ஒரு கடையின் பெயரையோ ஒரு பெட்டியின் எண்ணையோ எழுதி அனுப்பிவிட்டுப் போயிருக்கலாம். மனம் ஒப்பவில்லை. நான் ஏற்கெனவே ஒருமுறை தவறான பம்பைத் தேர்ந்தவள். அதற்குரிய விலையைக் கொடுத்தவர் என் அப்பா. ஆகவே நடந்ததை முழுமையாக எழுதிவிடுகிறேன். நீளத்தைப் பொறுத்தருள்க.

வண்டி 1978ஆம் ஆண்டின் மார்க் 3. கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில், ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் பிறந்தது. அப்பா அதை 1989இல் இரண்டாவது கையாக வாங்கினார். ஆம்பாசிடரின் உடல் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசையிலிருந்து வந்தது என்பதைப் பலரும் அறிவர். எஞ்சினும் அவ்வாறே இங்கிலாந்திலிருந்து வந்ததுதான். பி.எம்.சி. நிறுவனத்தின் ‘பி’ வரிசை எனப்படும் அந்தக் குடும்பத்திலேயே எம்.ஜி. வண்டிகளின் எஞ்சின்களும் அடங்கும். வார்ப்பிரும்புக் கட்டை, வார்ப்பிரும்புத் தலை, முன்புறத்தில் ஒரு வாட்டர் பம்ப், அந்தப் பம்பின் தண்டிலேயே ஏற்றப்பட்ட காற்றாடி. சிக்கனமான, முரட்டுத்தனமான அமைப்பு. இந்த அமைப்பில் பம்பின் பேரிங் நீருக்காக மட்டும் உழைப்பதில்லை. பெல்ட்டின் இழுப்பையும் காற்றாடியின் எடையையும், அதன் இறக்கை ஒன்று வளைந்திருந்தால் அந்த ஆட்டத்தையும் அதுவே தாங்க வேண்டும்.

அப்பா கோலார் தங்கவயலில் பிறந்தவர். தாத்தா அங்கே சுரங்கத் தொழிலாளி. சுரங்கங்கள் 2001இல் மூடப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே அப்பா டர்னர் வேலை கற்றுக்கொண்டு பெங்களூருக்கு வந்து, ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் லேத்தின் முன் முப்பத்து நான்கு ஆண்டுகள் நின்றார். எனினும் ஆண்டுதோறும் நவம்பர் 2ஆம் நாள், கல்லறைத் திருநாளன்று, மெழுகுவர்த்தியும் சாமந்தியும் எடுத்துக்கொண்டு தங்கவயலுக்குப் போய்விடுவார். தாத்தாவும் பாட்டியும் அங்கேதான் இருக்கிறார்கள். இந்த வண்டி வாங்கிய நாளிலிருந்து இந்த வண்டியில்தான் பயணம். பேருந்து உண்டு, ரயில் உண்டு, பிள்ளைகள் வாடகைக் கார் பிடித்துத் தருவோம். அவர் கேட்கமாட்டார். ஐந்து ஆண்டுகளுக்கு முன் அவருக்கு நடுக்குவாதம் வந்தது. வலக்கை முதலில், பிறகு இடக்கை. அதன் பின் வண்டியை நான் ஓட்டுகிறேன். அவர் அருகில் அமர்ந்து ஒலிகளைக் கேட்டுவருகிறார்.

கடந்த ஆண்டு செப்டம்பரில், வண்டி நின்ற இடத்தில் பச்சையும் பழுப்புமாய் ஒரு சிறு ஈரத்தைக் கண்டேன். பம்பின் அடிவயிற்றில் உள்ள வடிதுளையிலிருந்து அது சொட்டியிருந்தது. அந்தத் துளையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். பம்பின் தண்டில் ஒரு பக்கம் நீரைத் தள்ளும் இம்பெல்லர், மறுபக்கம் பேரிங். இரண்டுக்கும் இடையே நீரைத் தடுக்கும் கார்பன் சீல். சீல் தேய்ந்தால் கசியும் நீர் பேரிங்குக்குள் போய்விடாமல் வெளியே வழிந்தோடவே அந்தத் துளை வைக்கப்பட்டிருக்கிறது. அது பழுதல்ல, பழுதை முன்கூட்டி அறிவிக்கும் வாய். ஒழுகுகிறதே என்று அதை எபாக்சிப் பசையால் அடைத்துவைத்திருந்த வண்டிகளை நானே கண்டிருக்கிறேன். சில மாதங்களில் பேரிங் துருப்பிடித்து அரைபட்டு, காற்றாடி சாய்ந்து ரேடியேட்டரைக் கிழித்துவிடும்.

அப்பா குனிந்து பார்த்தார். “சீல்தான். கழட்டிக் குடுத்தா நானே கட்டிடுவேன்,” என்றார்.

நான் அவருடைய கைகளைப் பார்த்தேன். அந்தக் கைகளால் இனிப் பேரிங்கைப் பிரித்துக் கோக்க முடியாது என்று எனக்குப் பட்டது. அப்படி முயன்று தோற்பதை அவர் காணவேண்டாம் என்றும் எண்ணினேன். இதை வாய்விட்டுச் சொல்லாமல், “புதுசே கிடைக்குதுப்பா, எதுக்கு வீண் வேலை?” என்று மட்டும் கூறினேன். அவர் பதில் சொல்லாமல் உள்ளே போனார். என் பிழை அங்கேயே தொடங்கிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. பம்ப் வாங்கியதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஜே.சி. சாலைக்குச் சென்றேன். பெங்களூரில் வண்டி உதிரிபாகம் தேடுவோர் முதலில் மிதிக்கும் தெரு அது. “ஆம்பாசிடர் வாட்டர் பம்ப்” என்று கேட்டால் கடைக்காரர் உடனே ஒன்றை எடுத்து மேசைமேல் வைப்பார். அது உங்கள் வண்டியுடையதாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ஆம்பாசிடர் என்ற ஒரே பெயரின் கீழ் 1489 பெட்ரோல் எஞ்சினும் உண்டு, அதே கொள்ளளவுள்ள டீசலும் உண்டு, 1990களில் வந்த இசூசு எஞ்சினும் உண்டு. கடையில் அதிகம் தேங்கிக் கிடப்பவை பிந்தியவற்றின் பம்புகளே. ஒரே குடும்பத்து எஞ்சின்களிலும்கூட மூக்கு நீண்ட பம்பு, மூக்கு குட்டையான பம்பு என இருவகை உண்டு. நீளம் மாறினால் புல்லி பெல்ட்டின் நேர்கோட்டிலிருந்து விலகும். காற்றாடி ரேடியேட்டரை நெருங்கிவிடும் அல்லது அதைவிட்டு அகலும். பழைய பம்பைக் கழற்றிக் கையோடு எடுத்துச் செல்லாமல் இந்தக் கடைகளுக்குப் போவது வீண். இந்த அளவுக்கு எனக்கு அறிவிருந்தது. பழையதை ஒரு துணிப்பையில் கொண்டுபோயிருந்தேன்.

இரண்டு கடைகள் தாண்டி, மூன்றாவதில் அளவெல்லாம் பொருந்திய ஒன்று கிடைத்தது. அலுமினிய உடல். வெள்ளி போல் மின்னியது. பழைய வார்ப்பிரும்புப் பம்பின் எடையில் பாதிகூட இல்லை.

இங்கே என் தொழிலைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் உலோக அரிமானத்தில் ஆய்வு செய்பவள். உலோகம் எவ்வாறு கரைகிறது, எங்கே முதலில் குழி விழுகிறது, எந்தப் படலம் அதைக் காக்கிறது என்பதே என் அன்றாட வேலை. ஆகவே பம்பைக் கையில் வாங்கியதும் என் கண் எதைத் தேடியதோ அதைத்தான் கண்டது. வார்ப்பில் துளைகள் இருக்கின்றனவா? இல்லை. கேஸ்கெட் அமரும் முகம் சமமாக இருக்கிறதா? ஆம். அலுமினியத்தை இரும்புக் கட்டையோடு இணைத்து வெறும் குழாய்நீரை ஊற்றினால் என்னாகும் என்று மனக்கணக்குப் போட்டேன். இரு வேறு உலோகங்கள், இடையே உப்பு கலந்த நீர். அலுமினியம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கும். அதன்மேல் இயல்பாய் அமையும் ஆக்சைடு படலத்தை ஆழ்துளைக் கிணற்று நீரின் குளோரைடு குத்திக் கிழிக்கும். அரிமானத் தடுப்பான் கலந்த கூலன்ட் ஊற்றினால் பல ஆண்டுகள் தாங்கும் என்ற முடிவுக்கு வந்தேன். இவ்வளவு சிந்தித்து ஒரு பம்பை வாங்கியவர் அந்தத் தெருவிலேயே இல்லை என்ற சிறு கர்வமும் அன்றைக்கு இருந்தது.

இம்பெல்லரைப் பார்த்தேனா? பார்த்தேன். தகட்டை அழுத்தி வடித்தது. பழையதைப் போல வார்த்து எடுத்ததல்ல. இறக்கைகள் சற்று ஆழம் குறைந்தவை. தண்டைச் சுற்றிப் பார்த்தேன், மென்மையாகச் சுழன்றது. போதும் என்று பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

எங்கள் வண்டியை முப்பது ஆண்டுகளாகப் பார்க்கும் மெக்கானிக் பாய் அதைப் பூட்டினார். ரேடியேட்டரை இறக்கி, டைனமோவைத் தளர்த்தி, பெல்ட், காற்றாடி, புல்லி எல்லாவற்றையும் கழற்றி, அரை நாளில் முடித்தார். பெல்ட்டின் நீண்ட பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தி அரை அங்குலம் அமுங்குகிறதா என்று பார்த்தார். கழற்றிய பழைய பம்பை நான் குப்பையில் போடச் சொன்னேன். அப்பா அதைச் செய்தித்தாளில் சுற்றித் தன் கருவிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

ஆறு வாரம் எந்தக் குறையும் இல்லை. வீட்டிலிருந்து சந்தைக்கு, சந்தையிலிருந்து தேவாலயத்துக்கு. ஒரு சொட்டு ஒழுகவில்லை.

நவம்பர் 2. காலையில் புறப்பட்டிருக்க வேண்டியது; ஆய்வகத்தில் ஒரு சோதனை நீண்டு போனதால் பிற்பகல் ஆயிற்று. ஒசகோட்டை வரை நெரிசல். அதைக் கடந்ததும் சாலை விரிந்தது, நான் வேகமெடுத்தேன். நரசாபுரத்தை நெருங்கும்போது அப்பா மூக்கைச் சுருக்கினார். “சூட்டு வாசனை வருது. நிறுத்தும்மா.” டாஷ்போர்டின் கீழே அவரே எந்தக் காலத்திலோ பொருத்திய வெப்பமானியைப் பார்த்தேன். முள் நான் ஒருபோதும் காணாத இடத்தில் நின்றது. ஓரமாக நிறுத்தினேன். அவர் சொல்லியிராவிட்டால் இன்னும் ஐந்து நிமிடம் ஓட்டியிருப்பேன், தலை கேஸ்கெட் கருகியிருக்கும்.

மூடியைத் தொடவில்லை. கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் அளவுக்கு உயர்ந்த இந்தப் பீடபூமியில் திறந்த பாத்திரத்தில் நீர் 97 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டருக்குள் அது அதற்கும் மேலான சூட்டில் கொதிக்காமல் அடங்கியிருப்பது மூடியின் சுருள்வில் காக்கும் அழுத்தத்தால்தான். அந்நிலையில் மூடியைத் திறப்பவர் முகம் வெந்துபோகும். முக்கால் மணி நேரம் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம்.

சூடு சற்றுத் தணிந்ததும் அப்பா ரேடியேட்டரின் இரு குழாய்களையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். மேல் குழாய் இன்னும் கையை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது. கீழ்க் குழாய் தண்ணென்றிருந்தது. நீர் சுற்றவில்லை என்பதற்கு இதைவிட வெளிப்படையான அடையாளம் வேண்டியதில்லை. பெல்ட் இறுக்கமாக இருந்தது, காற்றாடி சுழல்கிறது, பம்பும் புதியது. ஆகவே தெர்மோஸ்டாட் திறக்காமல் அடைத்துக்கொண்டது என்று நான் உறுதியாகக் கூறினேன். அப்பா மறுக்கவில்லை. எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தோம். பிறகு அவர் சொல்லச் சொல்ல, தெர்மோஸ்டாட்டின் கூட்டைத் திறந்து அதை வெளியே எடுத்தேன், மூடினேன், கொண்டுவந்திருந்த நீரை ஊற்றினேன். ரேடியேட்டர் வாயைத் திறந்துவைத்துக்கொண்டே எஞ்சினை ஓடவிட்டோம். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சினில் பம்ப் வேலை செய்தால், முடுக்கும்போது வாய்க்குள் நீர் சுழித்தோடுவது கண்ணுக்குத் தெரியும். நான் முடுக்கினேன். அப்பா டார்ச் விளக்கை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு உள்ளே பார்த்தார். ஒளி நடுங்கிக்கொண்டே இருந்தது. நீர் அசையவே இல்லை.

“காத்தாடி சுத்துது. தண்ணி சுத்தலையேம்மா,” என்றார். சற்றுப் பொறுத்து, “உள்ளே இம்பெல்லர் தண்டுல நழுவுது,” என்றார்.

கடிந்துகொள்ளும் தொனி அதில் இல்லை. அப்படி இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

வண்டியை அருகிலிருந்த பெட்ரோல் பங்கில் விட்டுவிட்டு, பேருந்தில் கோலார், அங்கிருந்து இன்னொரு பேருந்தில் தங்கவயல். கல்லறைத் தோட்டத்தை அடைந்தபோது இரவு எட்டரை. ஆண்டில் ஒருநாள் ஆயிரக்கணக்கான சுடர்களோடு ஒளிரும் அந்த மேட்டில் அப்போது ஒன்றிரண்டே எரிந்துகொண்டிருந்தன. மற்றவை உருகிக் கல்லோடு கல்லாய் உறைந்திருந்தன. உறவினர்கள் எல்லோரும் போய்விட்டிருந்தனர். காற்று அடித்தது. அப்பா தீக்குச்சியைக் கிழித்தார், அணைந்தது. மீண்டும் கிழித்தார். ஆறாவது குச்சிக்குப் பிறகு பெட்டியை என்னிடம் நீட்டினார். முப்பத்தைந்து ஆண்டுகளில் தாத்தாவின் கல்லறையில் அவர் கையால் ஏற்றாத முதல் மெழுகுவர்த்தி அது. பம்பைப் பற்றி அன்றிரவு நாங்கள் பேசவில்லை.

வண்டியைக் கட்டியிழுத்து வந்து பம்பைக் கழற்றியபோது அவர் கூறியது சரியாகவே இருந்தது. இம்பெல்லரை விரலால் பிடித்துத் திருப்பினால் தண்டு நிற்க, அது மட்டும் திரும்பியது. தண்டின் முனையில் கண்ணாடி போல் தேய்ந்த ஒரு வளையம். இந்தப் பம்புகளில் இம்பெல்லரைத் தண்டோடு பிணைப்பது ஆணியோ சாவியோ அல்ல, இறுக்கம் மட்டுமே. துளையைத் தண்டைவிட ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஓரிரு பங்கு சிறியதாகக் கடைந்து, அழுத்தி ஏற்றுவார்கள். அந்த ஓரிரு பங்கு இருந்தால் ஆயுளுக்கும் நழுவாது. இல்லாவிட்டால் தொடக்கத்தில் ஒட்டிக்கொண்டு சுழலும், பிறகு கைவிடும். நகரத்தில் ஆறு வாரம் ஓடியதும் நெடுஞ்சாலையில் ஒரே மணி நேரத்தில் தோற்றதும் ஏன் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. இத்தகைய பம்பைச் சுழற்றத் தேவையான முறுக்குவிசை வேகத்தின் இருமடியாக உயரும். வேகம் இரட்டித்தால் தண்டின் பிடி நான்கு மடங்கு இருக்கவேண்டும். என் நகர ஓட்டத்தில் அது சோதிக்கப்படவே இல்லை.

அரிமானம் அந்தப் பம்பைத் தொடுவதற்கு முன்பே அது செத்துவிட்டது. நான் பயின்றதைக் கொண்டு எதைப் பார்க்க முடியுமோ அதைப் பார்த்தேன். ஒரு டர்னர் முதலில் பார்த்திருக்கக்கூடியதைப் பார்க்கவில்லை. என்னோடு அதே வீட்டில் ஒரு டர்னர் இருந்தார். அவரை நான் கடைக்கு அழைத்துப் போகவில்லை.

அடுத்த இரண்டு சனிக்கிழமைகள் நாங்கள் இருவரும் சேர்ந்தே தேடினோம். சிவாஜிநகரின் குஜிரிக் கடைகளில் ஒருவர், பழைய அட்டைப்பெட்டியில் மெழுகுத்தாள் சுற்றியபடி ஒரு பம்பை எடுத்துத் தந்தார். பல ஆண்டுகளுக்கு முந்தைய சரக்கு, ‘ஒரிஜினல்’ என்றார். விலையும் அதற்கேற்றபடி சொன்னார். எனக்கு ஆசையாக இருந்தது. பழைய வண்டிக்காரர்கள் எல்லோரையும் மயக்கும் சொல் அது. அப்பா அதைக் காதருகே வைத்து மெல்லச் சுழற்றினார். என்னிடம் கொடுத்து நீயும் கேள் என்றார். மணல் அரைபடுவது போன்ற ஓசை. பயன்படாமலே கிடக்கும் பேரிங்கில் கிரீஸ் காய்ந்துவிடும், ஈரம் புகுந்து குண்டுகளில் துரு படியும். சீலின் ரப்பர் இறுகி வெடிக்கும். பெட்டி திறக்கப்படவில்லை என்பதற்காக உள்ளே காலம் நின்றுவிடுவதில்லை. விலை பேசாமல் வந்துவிட்டோம்.

வழியில் காபி குடிக்கும்போது அப்பா ஒன்று சொன்னார். பம்ப் என்று ஒரே சாமானை வாங்குவதாக நினைக்கிறோம். அது நான்கு சாமான் என்றார். உடல், பேரிங், சீல், இம்பெல்லர். பேரிங்கை இன்று உலகம் முழுவதும் நன்றாகச் செய்கிறார்கள். 1978இல் இருந்ததைவிட இப்போது கிடைப்பது மேல். சீலும் அப்படியே. ஆனால் இந்த எஞ்சினுக்கு உடலையும் இம்பெல்லரையும் நல்ல இரும்பில் வார்த்துச் சரியாகக் கடைந்து தருபவர் எளிதில் கிடைப்பதில்லை, யாருக்காகச் செய்வார்கள்? ஆகவே நல்லது எங்கே இருக்கிறதோ அங்கிருந்து ஒவ்வொன்றாக எடுக்கவேண்டும். இதைச் சொல்லிவிட்டுக் கைப்பையிலிருந்து செய்தித்தாள் பொதியை எடுத்து மேசைமேல் வைத்தார். நான் குப்பையில் போடச் சொன்ன பம்ப்.

கலாசிபாளையத்தில் ஒரு சிறிய லேத் பட்டறை. உரிமையாளருக்கு அப்பாவைவிட இருபது வயது குறைவு. அப்பாவின் தொழிற்சாலையில் ஒருகாலத்தில் பயிற்சியாளராக இருந்தவர் என்று பிறகுதான் தெரிந்தது. “சார், நீங்க உட்காருங்க, சொல்லுங்க,” என்றார். அப்பா உட்காரவில்லை.

புல்லி அமரும் முகப்பை இழுப்பானால் கழற்றினார்கள். உடலின் மேற்புறத் துளைவழியே, பேரிங்கை இடத்தில் நிறுத்தும் வளைந்த கம்பியை வெளியே எடுத்தார்கள். தண்டும் பேரிங்கும் ஒரே உறுப்பாகப் பின்புறம் வழியே வந்தன. சீல் உரசும் முகத்தில், வெறும் குழாய்நீரில் மிதந்த துருத்துகள்கள் நாற்பது ஆண்டுகளாக உரசி வரிவரியாய்ப் பள்ளம் வெட்டியிருந்தன. புதிய சீலை அதன்மேல் வைத்தால் ஒரு மாதம்கூடத் தாங்காது. அந்த முகத்தை லேத்தில் இட்டு மிக மெல்லிய ஒரு சீவல் எடுத்தார் உரிமையாளர். அப்பா லேத்தை நிறுத்தச் சொல்லி, கட்டைவிரல் நகத்தை அந்த முகத்தின் குறுக்கே இழுத்தார். “இன்னொரு சீவு. காகிதம் அளவு.” மீண்டும் நகம். “போதும்.”

அவருடைய கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. நகம் அறியவேண்டியதை அறிந்துகொண்டது. மறுநாள் அந்த முகத்தை என் ஆய்வகத்தின் கருவியில் வைத்து அளந்து பார்க்கவேண்டும் என்ற எண்ணம் வந்தது; அளக்கவில்லை.

பழைய இம்பெல்லரின் இறக்கைகளில் ஓரங்களில் சிறு குழிகள் இருந்தன. வேகமாய்ச் சுழலும் இறக்கையின் பின்புறம் அழுத்தம் தாழ்ந்து நீர்க்குமிழ்கள் பிறந்து உடைவதால் விழும் குழிகள் அவை. ஆழமில்லை. துளையை மைக்ரோமீட்டரோடு ஒப்பிட்டோம். புதிய தண்டைவிட நூற்றில் இரண்டு பங்கு சிறிது. அப்பாவின் முகம் மலர்ந்தது. எதற்கும் ஒட்டுப்பசை சிறிது தடவி ஏற்றலாமே என்று கேட்டேன். “இறுக்கம் இருந்தா பசை எதுக்கு? இறுக்கம் இல்லேன்னா பசை எத்தனை நாளைக்கு?” என்று முடித்துவிட்டார். இதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. நல்ல பசைகள் இப்போது வருகின்றன. அன்று வாதிடும் நிலையில் நான் இல்லை.

கடைசியில் இம்பெல்லரைத் தண்டில் அழுத்தும்போது எந்த இடத்தில் நிறுத்துவது என்பதில்தான் அவர் அதிகக் கண்டிப்பாக இருந்தார். இறக்கைக்கும் உடலுக்கும் இடையே அரை மில்லிமீட்டரிலிருந்து முக்கால் மில்லிமீட்டருக்குள் இடைவெளி இருக்கவேண்டும். குறைந்தால் உரசும். கூடினால் நீர் அந்த இடுக்கிலேயே திரும்பிப் பாய்ந்து, எஞ்சின் மெதுவாக ஓடும்போது சுற்றோட்டம் தளரும். நெரிசலில் மட்டும் சூடேறும் வண்டிகள் பலவற்றின் நோய் இதுவே. இலை அளவுகோலைச் செருகிச் செருகிப் பார்த்து, பிரஸ்ஸை நான்கு முறை நிறுத்தி நிறுத்தி அழுத்தச் செய்தார்.

எஞ்சினைக் கழுவிச் சுத்தப்படுத்துவது என் பொறுப்பாயிற்று. பாய் எச்சரித்தார்: “பாப்பா, ரொம்பக் கழுவாதே. அழுக்குதான் சில இடத்துல ஓட்டையை அடைச்சிட்டிருக்கு.” நான் கேட்கவில்லை. மூன்றாம் நாள், கட்டையின் பக்கவாட்டில் ஒரு கோர் பிளக் ஒழுகத் தொடங்கியது. சுண்ணப்படிவம்தான் இத்தனை ஆண்டுகளாக அதைக் காத்துவந்திருக்கிறது. மாற்றினோம். கனிமம் நீக்கிய நீரில் மூன்றில் ஒரு பங்கு எத்திலீன் கிளைக்கால் கூலன்ட் கலந்து ஊற்றினேன். பெங்களூரில் நீர் உறைந்துபோகும் அச்சமில்லை; அதில் உள்ள அரிமானத் தடுப்பானுக்காகவும், கொதிநிலை சற்று உயர்வதற்காகவும்தான். பம்பை மாற்றிவிட்டு மீண்டும் குழாய்நீரை ஊற்றுபவர் அடுத்த பம்புக்கு இன்றே முன்பணம் கட்டுகிறார்.

ஆகவே, கேட்ட நண்பர்களுக்கு: உங்கள் பழைய பம்ப் வார்ப்பிரும்பாக இருந்து, உடலில் வெடிப்பு இல்லையென்றால் அதைத் தூக்கி எறியாதீர்கள்; பேரிங்கும் சீலும் அடங்கிய கிட் வாங்கி, நல்ல லேத் பட்டறையில் கட்டிக்கொள்ளுங்கள். புதியதுதான் வாங்கியாக வேண்டுமென்றால், எஞ்சினில் பூட்டும் முன்பே ஒரு பட்டறைக்குக் கொண்டுபோய் இம்பெல்லரின் இறுக்கத்தையும் இடைவெளியையும் சோதிக்கச் சொல்லுங்கள். கையால் திருகிப் பார்ப்பது போதாது. என்னுடையதும் கடையில் கையால் திருகியபோது அசையவில்லை. காற்றாடியை மின்சாரக் காற்றாடியாக மாற்றிவிட்டால் பேரிங் பிழைக்குமே என்று ஒருவர் கேட்டிருந்தார். உண்மைதான். ஆனால் எங்கள் வண்டியில் இருப்பது டைனமோ. இரவில் முகப்பு விளக்கும் வைப்பரும் எரிகையில் மின்சாரக் காற்றாடிக்குக் கொடுக்க அதனிடம் மிச்சம் எதுவும் இருக்காது.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருநாள் எதுவும் இல்லாத நாளில், மீண்டும் தங்கவயலுக்குப் புறப்பட்டோம். அப்பா தன் மடியில் ஒரு புதிய தீப்பெட்டியும், காற்று அடித்தாலும் அணையாத கண்ணாடிக் கூண்டு விளக்கு ஒன்றும் வைத்திருந்தார். நரசாபுரம் வந்தது, போயிற்று. முள் நடுவிலேயே நின்றது. கோலாரைத் தாண்டியதும் அவர் நிறுத்தச் சொன்னார். இறங்கி, பானெட்டைத் திறக்கச் செய்து, எஞ்சின் நின்ற பிறகு கையை மெல்ல உள்ளே விட்டு, பம்பின் அடியில் வடிதுளையைத் தடவிப் பார்த்தார். விரலை வெளியே எடுத்து என்னிடம் காட்டினார். புழுதிதான் ஒட்டியிருந்தது.